அழைப்பிதழ் விளக்கு

பியூலா டீச்சரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, கத்தரிக்கோல்தான் வரும். கோவில்பட்டியில் அவரிடம் கைவேலை பழகப் போன பெண்கள் எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னது இது.

ஜவுளிக்கடை மாடியில் ஒரு நீள அறை. சனிக்கிழமை மதியம் வகுப்பு. சிரட்டையில் பூச்சட்டி, கிழிந்த சேலையில் கால்மிதி, காலி பாட்டிலில் பூச்சாடி. செலவில்லாமல் வீட்டை அழகாக்குவதுதான் பாடம். டீச்சருக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். படிக்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

முதல் நாள் எல்லோரும் பை நிறைய சாமான் வாங்கி வந்திருந்தார்கள். பாசிமணி, ஜிகினாத்தூள், கண்ணாடிச் சில்லு. டீச்சர் அத்தனை பைகளையும் எடுத்துப் போய்ச் செருப்பு கிடக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தார்.

"பெறகு எதை வச்சு டீச்சர் செய்ய?" என்று கேட்டாள் வடிவு.

டீச்சர் குப்பைக் கூடையைத் தூக்கினார். துடைத்து வைத்திருந்த மேஜையின் நடுவில் அப்படியே கவிழ்த்தார். எல்லோரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள்.

"இதை வச்சு," என்றார் டீச்சர்.

வடிவு அரண்டு போனாள். இந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏதும் கோளாறா என்றுகூட நினைத்தாள். அவள் முழுப்பெயர் செண்பகவடிவு. ஐம்பத்தைந்தைக் கடந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அவளும் மகள் கோமதியும் மட்டும். கோமதிக்கு மருந்துக்கடையில் வேலை. அவளுக்கு ராஜபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. நல்ல இடம். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், கையில் காசும் இல்லை என்பதால்தான் வடிவு இந்த வகுப்புக்கே வந்தாள்.

"அடுத்த வாரம், அவங்கவங்க வீட்டுல எது ரொம்பக் கிடக்கோ அதைக் கொண்டு வாங்க," என்று டீச்சர் அனுப்பி வைத்தார்.

வடிவு வீட்டில் ரொம்பக் கிடந்தது ஒன்றே ஒன்றுதான். அது பரணில் இருந்தது. கட்டுக்கட்டாக, அட்டைப் பெட்டிகளில், கோமதியின் கல்யாண அழைப்பிதழ்.

நடக்காத கல்யாணம் அது. மாப்பிள்ளை பெயர் மகேந்திரன். முகூர்த்தச் சேலை எடுக்கத் திருநெல்வேலிக்குப் போன இடத்தில், அரக்கு வேண்டாம் பச்சை எடுக்கலாம் என்று கோமதி சொன்னாள். எதிர்த்துப் பேசுகிறாயா என்று அவள் கன்னத்தில் அவன் அறைந்தான். கடைக்காரர்களெல்லாம் பார்த்தார்கள். வடிவும் பக்கத்தில்தான் நின்றாள். "இதைப் பெருசு பண்ணாத" என்று மகள் காதில் சொன்னவளும் அவள்தான். கோமதி சேலையை மேஜையில் வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். அதோடு முடிந்தது.

வடிவு சொந்தக்காரர்களிடம் ஜாதகத்தைக் குறை சொன்னாள். சங்கரன்கோவிலைக் காலி பண்ணிக் கோவில்பட்டிக்கு வந்தாள். மகளிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். "அந்தப் பேச்சே இந்த வீட்டுல கூடாது. தகப்பன் இல்லாத பொண்ணு. நின்னுபோன கல்யாணம்னு தெரிஞ்சா ஒருத்தன் படியேற மாட்டான்."

பேச்சை நிறுத்தியாயிற்று. அழைப்பிதழை என்ன செய்ய? பிள்ளையார் படம் போட்டது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியது. குப்பையில் போட்டால் பாவம். எரித்தால் அதைவிடப் பாவம். ஆற்றில் விடலாமென்றால் கோவில்பட்டிப் பக்கம் ஆற்றுக்கு எங்கே போவது? அது பாட்டுக்குப் பரணிலேயே குந்தியிருந்தது.

மறுவாரம் வடிவு ஒரு கட்டு அழைப்பிதழைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மற்றவர்கள் செய்தித்தாளும் பாட்டிலும் கொண்டு வந்திருந்தார்கள். டீச்சர் ஒரு அழைப்பிதழை எடுத்தார். விரித்தார். பார்த்தார். மூடினார். ஒன்றும் கேட்கவில்லை.

"மேலட்டை கெட்டி. உள்தாள் மெலிசு," என்றார். "பெட்டியும் செய்யலாம். விளக்கும் செய்யலாம். எது வேணும் வடிவம்மா?"

வடிவு யோசிக்கவே இல்லை. பெட்டியை யார் பார்ப்பார்கள்? அது மூலையில் கிடக்கும். விளக்கென்றால் வாசலில் நுழையும்போதே கண்ணில் படும்.

"விளக்கு," என்றாள்.

பிய்ந்த முறத்தின் மூங்கில் சிம்பில் சட்டம் கட்டினாள். மேலட்டையை வெட்டி ஓரம் கொடுத்தாள். உள்தாளை நாலு பக்கமும் மைதாப் பசையில் ஒட்டினாள். எழுத்து வெளியே தெரியக் கூடாதென்று, மேலே வெள்ளைத் தாள் ஒன்றை இழுத்து ஒட்டினாள். உள்ளே பல்பு மாட்டப் பழைய ஹோல்டர். காய்ந்ததும் பார்த்தால் அவளுக்கே நம்ப முடியவில்லை. கடையில் வாங்கினால்கூட இப்படிக் கிடைக்காது. இரண்டு வருஷமாகத் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்த பாரம் இப்படி ஒரு அழகான பொருளாகிவிட்டதே என்று மனசுக்குள் ஒரு துள்ளல்.

வீட்டுக்குக் கொண்டு போய் ஜன்னலோரம் வைத்தாள். வெயில் அடித்தது. வெள்ளைத் தாளுக்கு அடியில் மங்கலாக ஏதோ ஓடியது. கிட்டே போய்ப் பார்த்தாள். "கோமதி" என்றிருந்தது.

விளக்கைத் தூக்கி மூலையில் வைத்தாள். அடுத்த சனிக்கிழமை அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"டீச்சர், இன்னொரு தாள் ஒட்டினா கீழ உள்ளது மறைஞ்சிருமா?"

"எது?"

"ஏதோ பழைய எழுத்து."

டீச்சர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். வடிவு அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கமும் ஒட்டினாள்.

"இப்ப மறைஞ்சிருச்சா டீச்சர்?"

டீச்சர் தன் மேஜை விளக்கிலிருந்து பல்பைக் கழற்றினார். செய்தித்தாளில் சுற்றி வடிவின் கையில் வைத்தார். வேறு பேச்சில்லை. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் இந்தப் பிள்ளைக்கு என்று வடிவுக்கு எரிச்சலாக வந்தது.

வீட்டுக்கு வந்து பல்பை டிவி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். அதைப் போட வேண்டிய அவசியம் என்ன? பெண் பார்க்க வருவது காலையில். பட்டப்பகலில் விளக்கை யார் ஏற்றச் சொல்லப்போகிறார்கள்?

ஆனால் அவர்கள் காலையில் வரவில்லை. வழியில் கழுகுமலை முருகனைக் கும்பிடப் போயிருக்கிறார்கள். நடை சாத்திவிட்டது. சாமி பார்க்காமல் பெண் பார்க்க வர மாட்டேன் என்று மாப்பிள்ளையின் அம்மா ராமலட்சுமி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நடை திறந்து, கும்பிட்டு, கோவில்பட்டி வந்து சேரும்போது பொழுது மேற்கே சாய்ந்துவிட்டது.

வடிவு அவர்களை உட்கார வைத்தாள். கடலைமிட்டாயும் முறுக்கும் வைத்தாள். கோமதி காப்பி கொண்டு வந்தாள்.

"எம் மக குத்துவிளக்கு மாதிரி மதினி," என்று வடிவு தொடங்கினாள். "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. எதுத்து நிக்கத் தெரியாது. இதுவரைக்கும் ஒரு இடம்கூட வந்ததில்லை. உங்களதுதான் மொதல்."

ராமலட்சுமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மாப்பிள்ளைப் பையன் கோமதியைப் பார்த்தான். கோமதி அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளிச்சம் குறைந்தது. ராமலட்சுமியின் கண் மூலையில் இருந்த விளக்கின் மேல் போயிற்று.

"அட, இது நல்லா இருக்கே. யாரு செஞ்சது?"

"நான்தான் மதினி. எல்லாம் வீட்டுல கெடந்த சாமான்."

"விளக்கு வைக்கிற நேரமாச்சே. ஏத்துங்க, பாப்போம்."

வடிவு முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினாள். "அதுக்குப் பல்பு இல்ல மதினி."

"விளக்கு வைக்கிற நேரத்துல இல்லைன்னு சொல்லலாமா?" என்று ராமலட்சுமி செல்லமாகக் கடிந்தாள். "வாயில நல்ல வார்த்தை வரணும்."

கோமதி எழுந்தாள். தன் அறைக்குப் போனாள். கையில் ஒரு பல்போடு திரும்பி வந்தாள். வடிவு கண்ணால் அதட்டினாள். உதட்டைக் கடித்தாள். கோமதி விளக்கைத் தூக்கிக் கூடத்து நடுவில் வைத்துப் பல்பை மாட்டி ஸ்விட்சைத் தட்டினாள்.

இரண்டு வெள்ளைத் தாளையும் தாண்டிக்கொண்டு எழுத்து வந்தது. கொட்டை எழுத்து. "திருநிறைச்செல்வன் மகேந்திரன்." அதற்குக் கீழே, "திருநிறைச்செல்வி கோமதி." அதற்கும் கீழே, "சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து மணமக்களை வாழ்த்தியருள." நாலு பக்கமும் அதே தாள். எந்தப் பக்கம் உட்கார்ந்தவருக்கும் குறை வைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அப்பா காப்பி டம்ளரை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். என் மகள் வாழ்க்கையை என் கையாலேயே வெட்டி ஒட்டி நடுக்கூடத்தில் வைத்துவிட்டேனே என்று வடிவு பதறினாள்.

"அது... அச்சாபீசுல மிச்சம் விழுந்த தாளு மதினி," என்றாள். "அது வேற கோமதி."

ராமலட்சுமி குனிந்து இன்னும் கொஞ்சம் படித்தாள். "காலஞ்சென்ற பரமசிவம், திருமதி செண்பகவடிவு அவர்களின் புதல்வி" என்று வாய்விட்டு வாசித்தாள். நிமிர்ந்தாள்.

"செண்பகவடிவும் வேறயா மதினி?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவள் வாயில் இப்போது சோறும் இல்லை, பூசணிக்காயும் இல்லை. வடிவு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"அது நான்தான்," என்றாள் கோமதி.

"கோமதி!"

"நான்தான் நிறுத்தினேன். சேலைக் கடையில வச்சு அவரு என்னைய அறைஞ்சாரு. நான் வந்துட்டேன்."

அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண் பேசி முடித்தாள். எழுந்து போகப்போகிறார்கள் என்று வடிவு கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தச் சேலையை என்ன செஞ்சீங்க?" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளைப் பையன்.

"மேஜையில வச்சுட்டு வந்துட்டேன்."

"அரக்குச் சேலைதானே?"

கோமதி திடுக்கிட்டாள். வடிவு கண்ணைத் திறந்தாள்.

"எங்களுக்குத் தெரியும்," என்றாள் ராமலட்சுமி. "விசாரிக்காமலா பொண்ணு பாக்க வருவோம்? அன்னைக்கு உங்களுக்குச் சேலை விரிச்சுப் போட்டவ எந் தங்கச்சி மக. வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இதையே சொல்லிட்டுக் கெடந்தா. இப்படி ஒரு பொண்ணு உண்டான்னு."

வடிவு விளக்கையும் ராமலட்சுமியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணைப் பாக்கத்தான் மதினி வந்தோம். நாங்க வந்த நேரத்துலேருந்து நீங்க வேற யாரையோ காட்டிட்டு இருந்தீங்க. நாங்க வீடு மாறி வந்துட்டோமோன்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. பையன் மட்டும் குனிந்து முறுக்கை ஒடித்தான்.

"எங்களுக்குச் சம்மதம்," என்று எழுந்தாள் ராமலட்சுமி. "உங்க பதிலைச் சொல்லி விடுங்க."

"நாங்களும் விசாரிச்சுட்டுச் சொல்றோம்," என்றாள் கோமதி.

பெண் வீட்டில் இப்படி ஒரு பதிலை வடிவு பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. மகளின் வாயைப் பொத்தக் கை போயிற்று. அதற்குள் ராமலட்சுமி, "நல்லா விசாரிம்மா. விசாரிக்காம கட்டாத," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

கார் போன சத்தம் அடங்கியது. விளக்கு கூடத்தில் எரிந்துகொண்டே இருந்தது. அதை அணைக்க வடிவுக்குக் கை வரவில்லை.

"பல்பு ஏது உனக்கு?"

"என் ரூம்ல எரியுறது."

"எழுத்து தெரியும்னு தெரிஞ்சேவா போட்ட?"

"நீ கோயிலுக்குப் போற சாயந்தரமெல்லாம் போட்டுப் பாப்பேன்மா."

வடிவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இதைப் போயி எதுக்குட்டி பாக்கணும்?"

கோமதி டம்ளர்களை அடுக்கினாள். அடுக்கியதை மறுபடி பிரித்தாள்.

"நான் அடி வாங்கினது நெசந்தான்னு சொல்றதுக்கு இந்த வீட்டுல வேற யாரும்மா இருக்கா?"

வடிவின் கை தானாக எழுந்து தன் கன்னத்தைத் தொட்டது. அன்றைக்குச் சேலைக் கடையில் மகள் கன்னத்தைத் தொடாத கை.

மறு சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே வடிவு மாடியேறினாள். டீச்சர் தனியாக உட்கார்ந்து நூல் வெட்டிக்கொண்டிருந்தார். வடிவு பையிலிருந்து விளக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பக்கத்தில் செய்தித்தாள் பொட்டலத்தையும் வைத்தாள்.

"உங்க பல்பு. சுத்தின தாளைக்கூடப் பிரிக்கலை."

டீச்சர் பொட்டலத்தைப் பார்த்தார். "அப்ப எரிஞ்சது யாரு பல்பு?"

விளக்கு எரிந்தது இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க வந்தவள், தன் முகத்தைப் பார்த்தாலே தெரியும்போல என்று விட்டுவிட்டாள். "எம் மக பல்பு," என்றாள். நடந்ததைச் சொன்னாள். எதையும் விடாமல் சொன்னாள். அறை விழுந்ததையும், தான் காதில் சொன்னதையும்கூடச் சொன்னாள். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

டீச்சர் கேட்டுக்கொண்டே நூல் வெட்டினார்.

"பேரை நீங்க படிச்சீங்களா டீச்சர்?"

"மொத நாளே."

"வெளிச்சத்துல எழுத்து தெரியும்னு தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் ஒட்டுறதுக்குத் தாளு குடுத்தீங்க?"

"நீங்க கேட்டீங்க."

"பல்பு?"

"அதை நீங்க கேக்கலை."

வடிவுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. இந்தப் பிள்ளை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த அவமானம் உண்டா? சொல்லியிருந்தால் அந்த எழுத்து வெளியே வந்திருக்குமா? இரண்டில் எதற்காகக் கோபப்படுவது என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. எம் மக தெனமும் தனியா உக்காந்து பாத்திருக்கா. நான் ஒருத்திதான் தாளுக்கு மேல தாளு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மறைக்கணும்னுதானே டீச்சர் உங்ககிட்ட வந்தேன். மறைக்கிறதுக்கு ஒரு வழி சொல்லித் தந்திருக்கலாம்ல?"

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். பொட்டலத்தைப் பிரித்துப் பல்பை விளக்கில் மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். பட்டப்பகலிலும் கோமதியின் பெயர் தெரிந்தது.

"மறைக்கணும்னா பெட்டிதானே செஞ்சிருக்கணும் வடிவம்மா," என்றார். "கேட்டேனே அன்னைக்கே, பெட்டியா விளக்கான்னு. விளக்குன்னு சொன்னது நீங்க."